முதுகுக்குக் கேட்கிற குரல்

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி பேசக் கூடாது என்பது என் கட்சி. இருபத்திரண்டு வருடமாகக் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் நான். பேசுகிறவர்களை ஊசி போட்டுத் தூங்க வைத்த பிறகுதான் எங்கள் வேலையே ஆரம்பிக்கும். டாக்டர்கள் பேசுவதைப் பொறுத்துக்கொள்வதே எனக்குப் பெரும்பாடு. ஒருவர் மகளுக்கு வரன் தேடுவதைச் சொல்வார், இன்னொருவர் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல்வார், பேச்சுக்கு நடுவில் என் பக்கம் கையை நீட்டுவார். நீட்டின கை எதைக் கேட்கிறது என்பதை நான் கண்டுபிடிக்க வேண்டும். இதில் நோயாளியும் சேர்ந்துகொண்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதனால், செவ்வாய்க்கிழமை லிஸ்ட்டில் "கழுத்துக் கட்டி, இடது பக்கம், நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியது. மயக்கம் கிடையாது. நோயாளி கடைசிவரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுதியவர் எங்கள் சர்ஜன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். வெட்டும்போதும் தைக்கும்போதும் தனக்குத்தானே "நிதானம், நிதானம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை இவர் இரண்டரை மணி நேரம் செய்வார். என் முழங்கால் வலி முழுக்க அவர் உபயம். ஆனால் அவர் கை பட்ட கழுத்துகளில் எத்தனை பேருக்குக் குரல் போயிருக்கிறது என்று கேட்டால், மூன்று. எத்தனையோ நூறு பேரில் மூன்று. அந்த மூன்று பேரின் முகமும் ஆபரேஷன் நடந்த தேதியும் அவருக்கு மனப்பாடம். மற்றவர்களை அவர் மறந்துவிடுவார்.

சண்டை போடத்தான் அவர் அறைக்குப் போனேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். லிஸ்ட்டில் இருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நெசவு மில்லில் முப்பத்தொரு வருட வேலை, இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். பஞ்சுத் தூசி தின்று தின்று நுரையீரல் பழுதாகிவிட்டது. முழுதாகத் தூங்கவைத்துத் தொண்டையில் குழாய் போட்டால், பிறகு அந்தக் குழாயை எடுக்கவே முடியாமல் போகலாம் என்று மயக்க டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்ய வேண்டும். குரல் நரம்பைக் கண்காணிக்கிற மெஷின் இருக்கிறதே என்றேன். அதற்கும் அந்தக் குழாய் வேண்டுமாம்.

குரலுக்கான நரம்பு இருக்கிறதே, அது ஒரு விசித்திரம். மூளையிலிருந்து புறப்பட்டுத் தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கும். இதயத்தின் பெரிய குழாயை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே மேலே ஏறித் தொண்டைக்குத் திரும்பும். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற மாதிரிதான். இந்த அம்மாவின் கட்டி அந்தப் பாதையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதை எடுக்கும்போது நரம்பு இழுபட்டால் அந்த நொடியே குரல் மாறும், மாறினால் நான் கையை எடுத்துவிடுவேன், அந்த அம்மாவின் வாய்தான் நமக்கு மெஷின் என்றார் நிதானம். காரணம் புரிந்தது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை மதியம் அந்த அம்மாவைப் பார்க்க வார்டுக்குப் போனேன். மறுநாள் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். வார்டில் தரை தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பல் கூசுகிற சத்தம். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண்மணி தலையணைகளை அடுக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் ஆறு மாதமாக உட்கார்ந்தேதான் தூக்கம். கழுத்தின் இடது பக்கம் ஒரு மாங்காய் அளவுக்கு வீக்கம். அது வெளியே தெரிகிற பாதிதான், மீதி நெஞ்சுக்குள்.

வார்டின் அந்தக் கோடியில், கதவருகே, ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். இந்த அம்மா அவரைப் பார்த்து வாயை அசைத்தார். சத்தம் இல்லை. நீளமாக, முகபாவத்தோடு, கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னார். ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. குரல் ஏற்கெனவே போய்விட்டது, சர்ஜனுக்குத் தெரியாது, நாளைக்கு என்னத்தைப் பேசப்போகிறார் என்று நான் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். அதற்குள் தரை மெஷின் நின்றது.

"என்ன சிஸ்டர், பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

வார்டு மொத்தமும் திரும்பியது. தரை தேய்த்தவன் கைப்பிடியை விட்டுவிட்டான். அப்படி ஒரு குரல். கத்தவில்லை, சும்மா கேட்டார், அதற்கே அப்படி.

பிறகு விளங்கியது. நானூறு தறி ஒன்றாக ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசினாலே கேட்காது. அதனால் மில்காரர்கள் சத்தமே இல்லாமல் உதட்டால் பேசிக்கொள்வார்களாம். சேர்ந்த ஆறு மாதத்தில் யாருக்கும் பழகிவிடும். இருபது அடி தள்ளி நிற்கிறவரிடம் வீட்டுச் சண்டையை முழுசாகச் சொல்லி நியாயம் கேட்கலாம். மெஷின் சத்தம் காதில் விழுந்தால் குரல் தானாக அடங்கி உதடு மட்டும் வேலை செய்யும். வீட்டில் மாவு அரைக்கும்போதுகூட அப்படித்தான் என்றார்.

"அப்ப குரல் எதுக்கு?" என்று கேட்டேன்.

"முதுகுக்கு" என்றார். "உதட்டைப் பாக்க, ஆள் நம்ம பக்கம் திரும்பி இருக்கணும். தறிகிட்ட குனிஞ்சு நிக்கிறவளுக்கு முந்தானை மாட்டப்போகுது, அவளுக்கு என் உதடு தெரியுமா? அப்பதான் குரல். நானூறு தறியையும் தாண்டிக் கேக்கணும்."

இந்த அம்மாவின் குரல் அப்படிக் கேட்டது. மில்லில் அவருக்குச் சங்கு அக்கா என்று பெயர். ஷிப்ட் மாறும்போது ஊதுகிற மில் சங்குக்கு அடுத்தபடி இவர் குரல்தான். சூப்பர்வைசர் ஆக்கியதே அதற்காகத்தான். இந்தக் கட்டியை ஆறு வருடம் எடுக்காமல் வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான். கூட வேலை பார்த்த ஒருத்தி வேறெங்கோ கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு, காற்றுப் போன டியூப் மாதிரி ஒரு குரலோடு திரும்பி வந்தாளாம். அவளைப் பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் மூச்சை விட்டாலும் விடுவேன், குரலை விடமாட்டேன் என்று இவர் சாதித்துவிட்டார். இப்போது மூச்சே பேரம் பேச வந்துவிட்டது.

கதவருகே நின்றவர் அவர் கணவர். மில்லில் தறி ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தறிக்குள் தலையை விட்டே வேலை பார்த்ததில் காது இரண்டும் போய்விட்டது. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள், அது சட்டைப்பையில் சௌக்கியமாக இருந்தது. அதை மாட்டினால் உலகம் மொத்தமும் தறியாகக் கேட்கிறது என்பது அவர் புகார்.

"அவருக்குக் கேக்குற ஒரே சத்தம் என் குரல்தான் சிஸ்டர்" என்றார் சங்கு அக்கா. "போன மாசம் ரோட்டுல ஒரு லாரி ரிவர்ஸ்ல வருது. இவரு அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு செருப்பு வாரை சரி பண்றாரு. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஊரே கத்துது. நான் ஒரு தடவை கூப்பிட்டேன், தள்ளி வந்துட்டாரு. நாளைக்கு இந்தக் குரல் போச்சுன்னா நான் என்ன செய்யறது? உதட்டைப் பாத்துக்கட்டும்னு சொல்லுவாங்க. கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன் எந்த வேலையையும் என் பக்கம் பாத்துச் செஞ்சதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் இரைக்க ஆரம்பித்தது. கட்டி எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். தூக்கினதும் முகம் கறுத்துச் சிவந்து, கழுத்து நரம்புகள் புடைத்து, மூச்சு விசில் அடித்தது. அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று எனக்குச் சத்தியம் செய்துகொடுங்கள் என்று கேட்டார். நான் ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறவள், சத்தியமெல்லாம் என் தட்டில் இல்லை என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று படி இறங்கும்போது தோன்றியது. என் வாய் எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் காலை எட்டரைக்குத் தியேட்டருக்குள் கொண்டுவந்தார்கள். மேஜையின் தலைப் பக்கத்தை உயர்த்தி, பாதி உட்கார்ந்த நிலையில் வைத்தோம். மயக்க டாக்டர் கழுத்தின் இரண்டு பக்கமும் மரக்க ஊசி போட்டார். முகத்துக்கு மேலே கம்பி வளைத்துப் பச்சைத் துணியைக் கூடாரமாகப் போட்டோம். கூடாரத்துக்கு அந்தப் பக்கம் சங்கு அக்காவின் முகமும் அவர் கையைப் பிடித்துக்கொண்ட மயக்க டாக்டரும். இந்தப் பக்கம் கழுத்தும் சர்ஜனும் நானும். சுவரோரம் நெஞ்சு சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டி கழுத்து வழியாக வரவில்லை என்றால் அவர் எழுந்து நெஞ்செலும்பை அறுக்க வேண்டும். அறுப்பது என்றால் முழு மயக்கம். அதனால் அவருடைய ரம்பத்தை ஒரு துணிக்குக் கீழே மறைத்து வைத்திருந்தேன். அது வெளியே வரக் கூடாது என்பது எல்லாருடைய பிரார்த்தனையும், அவருடையதும்கூட.

பேசுங்கம்மா என்றார் நிதானம். என்ன பேசுறது என்று கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு பவ்யமான குரல் வந்தது. எது வேண்டுமானாலும் என்றார். முதல் பத்து நிமிடம் அக்கா மரியாதைக்குப் பேசினார்: மகள், மருமகன், பேத்திக்குப் பல் முளைத்தது. பிறகு சூடு பிடித்தது. மில் மேனேஜரை எடுத்துக்கொண்டார். தூசி உறிஞ்சும் விசிறி எட்டு மாதமாக ஓடாததை அந்த ஆளிடம் எப்படிக் கேட்டார், அவர் எப்படி முழித்தார், மறுநாளே விசிறி எப்படி ஓடியது என்று தறி ஓட்டமாக ஓட்டினார். வார்டில் கொடுக்கிற டீயைத் திட்டினார். அந்த முறைக்கிற சிஸ்டர் இருக்காங்களா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். "முறைச்சுக்கிட்டுதானே இருக்கீங்க?" என்றார். துணிக்குப் பின்னால் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது.

நிதானம் தோலைத் திறந்து, தசையை ஒதுக்கி, கட்டியின் மேல் பாகத்தை விடுவித்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் போனது. குரல் கணீரென்று இருந்தது. அக்கா தன் கல்யாணக் கதைக்கு வந்தார். ஃபிட்டர் மூன்று மாதமாக இவர் தறியையே பழுது பார்த்தாராம். பழுதே ஆகாத தறி. ஒருநாள் நாலு தறிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, உதட்டால், என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்டாராம். இரகசியமாகக் கேட்டதாக நினைப்பு. உதட்டைப் படிக்கத் தெரிந்த முந்நூறு பேர் நிற்கிற கூடத்தில் எங்கே இரகசியம்?

நான் கதையில் விழுந்துவிட்டேன். சர்ஜன் சின்ன கிளாம்ப் கேட்டதற்குக் கத்தரியைக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அவர் அதட்டாமல் திருப்பிக் கொடுத்தார், அவரும் கதைதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கட்டியின் அடியில் ஒரு சின்ன இரத்தக்குழாய் கசிய ஆரம்பித்தது. இரத்தத்தை உறிஞ்ச, சுவரில் இருக்கிற சக்ஷன் போதவில்லை. பழைய சக்ஷன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். அட்டெண்டர் கொண்டுவந்து கூடாரத்தின் பக்கமாக நிறுத்தி ஸ்விட்சைப் போட்டார். கிழட்டு மெஷின், காது கிழிகிற இரைச்சல். கசிவை உறிஞ்சி, குழாயைக் கட்டியாயிற்று. நிதானம் வலது கை ஆள்காட்டி விரலை நெஞ்செலும்புக்குப் பின்னால் நுழைத்தார். கண்ணுக்குத் தெரியாத இடம். விரல் நுனிதான் கண். கட்டியைச் சுற்றி மெல்ல விரலை ஓட்டி அதை மேலே தூக்கப் பார்த்தார்.

குரல் நின்றிருந்தது. கசிவைப் பார்த்த அவசரத்தில் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

"பேசச் சொல்லுங்க" என்றார் நிதானம்.

மயக்க டாக்டர் கூடாரத்துக்குள் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் நெற்றி வியர்த்திருந்தது. "பேசறாங்க டாக்டர்" என்றார். "உதடு அசையுது. சத்தம் வரல."

நிதானம் விரலை உள்ளே வைத்தபடி அப்படியே நின்றார். முகமூடிக்கு மேலே அவர் கண்களை நான் பார்த்தேன். அந்தக் கண்களை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். அவற்றில் அழுகை வருவதை அன்றுதான் பார்த்தேன். தனக்குத்தானே ஏதோ சொன்னார். எப்போதும் சொல்கிற வார்த்தை இல்லை. "நாலாவது" என்றார்.

நெஞ்சு சர்ஜன் எழுந்து வந்தார். விரலை எடுத்துவிடுங்கள், நரம்பு இழுபட்டிருந்தால் விட்டுவிட்டால் திரும்பலாம், இதோடு மூடிவிடுவோம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் மூடினால் கட்டி உள்ளேயே இருக்கும். தழும்பு இறுகின கழுத்தை இரண்டாம் தடவை திறப்பது நடக்காத காரியம். இந்த அம்மாவின் மூச்சுக்கு ஒரு வருடம்கூடக் கெடு இல்லை. குரலும் போய், கட்டியும் போகாமல், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு இருப்பார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சத்தியம் செய்யமாட்டேன் என்று சொன்ன என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

விரலை எடுக்க நிதானம் தோளைத் தளர்த்தினார். எனக்கு என்னமோ உறுத்தியது. நரம்பு அடிபட்ட குரல்களை நான் கேட்டிருக்கிறேன். கரகரக்கும், காற்றாக ஒழுகும், ஆனால் ஏதாவது ஒன்று வரும். இப்படி அடியோடு இல்லாமல் போவதை எங்கே பார்த்தேன்? பார்த்தேன், நேற்று மதியம், வார்டில். தரை மெஷின் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

"சக்ஷனை நிறுத்துங்க" என்றேன்.

தியேட்டரில் நான் உத்தரவு போடுகிற ஆள் இல்லை. சர்ஜன் என்னைப் பார்த்தார். அட்டெண்டர் சர்ஜனைப் பார்த்தார். "நிறுத்துய்யா" என்று நான் போட்ட அதட்டலில் அவர் ஸ்விட்சைத் தேடாமல் ஒயரையே பிடுங்கிவிட்டார். இரைச்சல் அடங்கியது.

"...எல்லாரும் என்னையே பாக்குறாங்க டாக்டர், ஒருத்தி தறியை நிறுத்திட்டே பாக்குறா. நான் எங்க போய் ஒளியிறது? சரின்னு தலையை ஆட்டிட்டேன்."

கணீரென்று, வெண்கல மணி மாதிரி வந்தது குரல். மயக்க டாக்டர் கூடாரத்தின் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார், அழுகையும் கலந்த சிரிப்பு. நெஞ்சு சர்ஜன் நின்ற இடத்திலேயே ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டார். ஏன்மா சத்தத்தை நிறுத்தினீங்க என்று நிதானம் கேட்டார், அவர் குரல்தான் இப்போது கரகரத்தது.

"நான் எங்க நிறுத்தினேன்? பேசிக்கிட்டுதானே இருந்தேன்" என்றார் அக்கா. "மெஷின் ஓடுதேன்னு உதட்டால சொன்னேன். மெஷின் ஓடும்போது யாராவது தொண்டையை வீணாக்குவாங்களா?"

நிதானம் மூன்று தடவை "நிதானம்" சொன்னார். விரல் உள்ளேயே இருந்தது. அதை எடுக்காமல் நின்றதற்கு அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். இனிமேல் மெஷின் ஓடினாலும் சரி, கூரை இடிந்தாலும் சரி, சத்தமாகப் பேச வேண்டும் என்று கூடாரத்துக்குள் சொல்லியாயிற்று. நானும் என் பங்குக்கு, நிறுத்தினால் வார்டு டீ இரண்டு டம்ளர் என்று மிரட்டினேன். இருபத்திரண்டு வருடக் கொள்கை அந்த இடத்தில் மண்ணைக் கவ்வியது. ஒரு நோயாளியைப் பேசு பேசு என்று கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டேன், எனக்கு அதில் துளி வெட்கமும் இல்லை.

விரல் மறுபடி வேலையைத் தொடங்கியது. அக்கா கல்யாணத்தைத் தாண்டிப் பிரசவத்துக்கு வந்திருந்தார். கட்டி ஒரு பக்கம் விட்டது, இன்னொரு பக்கம் விட்டது. சின்ன வாய் ஜாடிக்குள்ளிருந்து பெரிய எலுமிச்சம்பழத்தை எடுப்பது போல, நெருக்கி, திருப்பி, கொஞ்சம் விட்டுப் பிடித்து, ஒரு கட்டத்தில் மொத்தமும் மேலே வந்தது. என் உள்ளங்கையை விடப் பெரியது. அதன் பின்பக்கத்தில், ஒட்டினாற்போல், அந்த நரம்பு கிடந்தது. நிதானம் தலையை நகர்த்தி எனக்குக் காட்டினார். இவ்வளவு பேச்சும் அந்த ஒற்றை வெள்ளை இழையில் போய்க்கொண்டிருந்தது.

எல்லாரும் அமைதியானதை அக்கா கவனித்துவிட்டார். "என்ன பாக்குறீங்க?" என்றார்.

"உங்க குரலைம்மா" என்றார் நிதானம். "வெள்ளையா, நூல் மாதிரி இருக்கு."

"எத்தனாம் நம்பர் நூலு?"

சர்ஜனுக்குப் பதில் தெரியவில்லை. மெலிசு என்று மட்டும் சொன்னார். மெலிசுன்னா இழுக்காம ஓட்டுங்க, அறுந்தா முடிச்சுப் போட நான்தான் வரணும் என்று அக்கா யோசனை சொன்னார். நிதானம் அந்த யோசனைப்படியே செய்தார். நரம்பை இழுக்காமல், கட்டியை அதிலிருந்து இம்மி இம்மியாகப் பிரித்தார். இருபத்தைந்து நிமிடம். என் முழங்கால் அன்றைக்கு வலித்ததா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை.

கட்டி என் தட்டில் விழுந்தது. தொப்பென்று விழுந்த அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. கூடாரத்துக்குள் பேச்சு நின்றது. இந்தத் தடவை யாரும் பயப்படவில்லை, ஏனென்றால் மூச்சு கேட்டது. விசில் இல்லாத மூச்சு. நீளமாக ஒன்று, இன்னும் நீளமாக ஒன்று. திரையில் தொண்ணூற்றொன்றில் கிடந்த ஆக்சிஜன் கணக்கு தொண்ணூற்று நான்கு, ஐந்து, ஏழு என்று ஏறியது.

"உள்ள வரைக்கும் போகுது டாக்டர்" என்றார் அக்கா, மெல்ல. "அடி வயிறு வரைக்கும் போகுது."

மூடுவதற்கு முன்னால், எங்காவது கசிகிறதா என்று பார்க்க நோயாளியை இருமச் சொல்வது நிதானத்தின் வழக்கம். தூங்குகிறவர்களுக்கு அதை மயக்க டாக்டர் வேறு வழியில் செய்வார். அக்கா இருமினார். கழுத்து காய்ந்த துணி மாதிரி சுத்தமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் பார்க்க வேண்டும் என்றார் சர்ஜன். அதற்குத் தேவை இருந்ததா என்று என்னைக் கேட்டால், இல்லை. அவருக்கு அந்தக் குரலை முழுசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஷெட்ல ஒருத்தர் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா எப்படிக் கூப்பிடுவீங்க? அப்படி ஒரு தடவை கூப்பிடுங்கம்மா."

அக்கா ஒரு மூச்சை இழுத்துக்கொண்டார். பரிசோதனைக்கு அனுப்பக் கட்டியை ஜாடியில் போட்டு எடுத்துக்கொண்டு அட்டெண்டர் அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தார்.

"ஏங்க!"

என் தட்டில் இருந்த கிளாம்ப்கள் கிணுகிணுத்தன. மயக்க டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். அட்டெண்டர் ஜாடியை மார்போடு அணைத்துப் பிடித்துத் தப்பித்தார். நிதானம் குனிந்து கழுத்துக்குள் பார்த்தார். ஒரு சொட்டு கசிவு இல்லை. நிமிர்ந்தபோது அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, கையுறை போட்ட கையால் துடைக்கவும் முடியாமல் அப்படியே நின்றார். நான் தையல் ஊசியை நீட்டினேன். அவர் வாங்க மறந்துவிட்டார். நான் முறைக்கவில்லை.

வெளிக்கதவை யாரோ தட்டினார்கள். அட்டெண்டர் போய்ப் பார்த்துவிட்டு, ஜாடியோடு அப்படியே திரும்பி வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர், இந்தம்மாவோட வீட்டுக்காரரு. அந்தக் கோடியில ஜன்னலைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு இருந்தாரு, காலையிலேருந்து நான் பேசினது எதுவும் அவருக்குக் கேக்கல. இப்ப ஓடி வந்து கதவைத் தட்டுறாரு. கூப்பிட்டாங்களே, என்ன வேணும்னு கேக்குறாரு."

எல்லாரும் பச்சைத் துணியைப் பார்த்தோம். அதன் பின்னாலிருந்து பதில் வந்தது.

"ஒண்ணும் இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."